தாயாரம்மாள் டீச்சர் வரவில்லை

முடிச்சூர்
9 ஜூன் 2024

அன்புள்ள அக்தருக்கு,

நீயும் உன் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நான் ஞானஜோதி. தாம்பரம் பள்ளிக்கூடத்தில் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

நம் வகுப்பு ஜோசலின் நர்ஸாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். போன மாதம் பெரும்பாக்கத்தில் நடந்த கண் முகாமுக்கு உதவிக்குப் போயிருக்கிறாள். வரிசையில் நின்ற உன்னை, புருவத்து மச்சத்தை வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னாள். கூட்டத்தில் பேச முடியவில்லையாம். முகாம் பதிவேட்டிலிருந்து முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு வந்தாள்.

நான் ஆசிரியையாகி, தலைமை ஆசிரியையாகி, இரண்டு வருடத்துக்கு முன் விருப்ப ஓய்வு பெற்றேன். என் கணவர் தேவானந்தம் கொரோனாவில் போய்விட்டார். ஒரே மகன் ஆபேல் கனடாவில் இருக்கிறான். ஞாயிறு தோறும் பேசுவான். இங்கே வீட்டில் நான் மட்டும்தான். 2015 வெள்ளத்தில் ஜன்னல் வரைக்கும் தண்ணீர் ஏறியது. அன்று மாடிக்குப் போனவள் அங்கேயே குடியிருக்கிறேன்.

நம் வகுப்பு பத்தாவது முடித்து நாற்பது வருடம் ஆகப்போகிறது. ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் எல்லோரும் கூடுகிறோம். முப்பத்தொரு பேர் கிடைத்துவிட்டார்கள். நீ அவசியம் வர வேண்டும். போன் நம்பர் அனுப்பு. குழுவில் சேர்த்துவிடுகிறேன்.

உன் உடல்நிலையைப் பற்றி விவரமாக எழுது.

என்றும் அன்புடன்,
ஞானஜோதி

*

பெரும்பாக்கம்
24 ஜூன் 2024

ஜோதிக்கு,

அல்லா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். உனக்கும் அவன் நல்ல ஆரோக்கியத்தைக் கொடுக்கட்டும்.

தபால்காரர் என் பெயரைக் கூப்பிட்டபோது ஏதோ நோட்டீஸ் என்று பயந்துவிட்டேன். மருமகள் ரூக்சார்தான் பிரித்துக் கொடுத்தாள். உன் கையெழுத்து மாறவே இல்லை. 'ழ'வுக்கு இன்னும் வால் நீளமாகத்தான் போடுகிறாய்.

போன் நம்பர் கேட்டிருந்தாய். எனக்குப் போனில் காது கேட்காது ஜோதி. தாம்பரம் சானடோரியத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் தையல் மெஷின். அந்தச் சத்தத்தில் ஒரு காது சுத்தமாகப் போச்சு, இன்னொன்று பக்கத்தில் வந்து கத்தினால் கேட்கும். அதனால் கடிதம்தான் எனக்குச் சரி. நாற்பது வருடத்தில் கையெழுத்துப் போட்டது தவிர நான் ஒன்றும் எழுதியதில்லை. இந்த ஒரு பக்கம் எழுத மூன்று நாளானது.

என் கதை சின்னதுதான். பதினாறு வயதில் கல்யாணம். அவருக்கு அப்போது முப்பத்து நாலு. பல்லாவரத்தில் தோல் பதனிடும் இடத்தில் வேலை. நெஞ்சு சளியிலேயே போய்ச் சேர்ந்தார். எனக்கு அப்போது இருபத்தாறு. முதாசிர் இரண்டு வயசுப் பிள்ளை. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்தோம். வெள்ளத்துக்குப் பிறகு இங்கே ஏழாவது மாடியில் வீடு கிடைத்தது. முதாசிர் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்க்கிறான்.

நீ தலைமை ஆசிரியை ஆனது சந்தோஷம். நான் பேப்பரில் பாடம் நடத்துகிற மாதிரி படம் வந்தால் இன்னும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

ஒன்று கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் உன் கையில் ஒரு கடிதம் கொடுத்தேன், தாயாரம்மாள் டீச்சருக்கு. வீட்டுக்கு வந்து அத்தாவிடம் பேசச் சொல்லி எழுதியிருந்தேன். எத்தனை பெண்கள் வீட்டுக்கு அந்த டீச்சர் படியேறிப் போய்ப் பேசியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஹந்தியோடு உட்கார்ந்துகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. டீச்சர் உன்னிடம் என்ன சொன்னார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்தர்

*

முடிச்சூர்
20 ஜூலை 2024

அன்புள்ள அக்தருக்கு,

உன் கடிதம் கண்டு கண் கலங்கிவிட்டேன். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடிப்போய், டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இப்போது பரவாயில்லை. உன் காதுக்குக் கருவி வைத்துப் பார்த்தாயா? ஜோசலினுக்குத் தெரிந்த டாக்டர் குரோம்பேட்டையில் இருக்கிறார். அழைத்துப் போகச் சொல்கிறேன்.

கூட்டத்துக்கு வேலைகள் நடக்கின்றன. மதியம் சைவச் சாப்பாடு, தனியாகப் பிரியாணியும் உண்டு. எல்லோரும் ஒரே நிறத்தில் புடவை கட்டலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரவரிடம் இருப்பதைக் கட்டிக்கொண்டு வரட்டும்.

தாயாரம்மாள் டீச்சரும் வருகிறார்கள். எண்பத்தொரு வயது. இரும்புலியூரில் மகன் ஜெயவேலுவோடு இருக்கிறார்கள். எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் வாங்கிக் கொடுத்ததே அவர்கள்தான். வருடப் பிறப்புக்கு வருடப் பிறப்பு நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

நீ கேட்டதற்கு, நாற்பது வருடத்துக்கு முந்தைய விஷயம், எனக்குத் தெளிவாக நினைவில்லை. பழைய டைரி, போட்டோ எல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டன. முதாசிருக்கும் ரூக்சாருக்கும் என் ஆசீர்வாதம்.

அன்புடன்,
ஞானஜோதி

*

பெரும்பாக்கம்
30 ஜூலை 2024

ஜோதிக்கு,

நலம். நீ நலமாக இருக்க துஆ செய்கிறேன். மாத்திரையை விட்டுவிடாதே.

டீச்சர் வருகிறார்கள் என்றால் நான் வரலாமா என்று யோசிக்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிக்க வராது. அத்தா அடித்ததைக்கூட மறந்துவிட்டேன். அவர் படிக்காதவர். ஆனால் டீச்சர் படித்தவர்கள். என் கணக்கு நோட்டை மற்ற வகுப்புக்கெல்லாம் எடுத்துப்போய்க் காட்டியவர்கள்.

உனக்கு நினைவில்லை என்கிறாய். கொஞ்சம் யோசித்துப் பார். கடிதத்தை அவர்கள் கையில் கொடுத்தாயா, இல்லையா? அது தெரிந்தால் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்வேன்.

அக்தர்

*

முடிச்சூர்
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்தருக்கு,

நலம், நலமறிய ஆவல். இரண்டு நாளாக மழை. முடிச்சூரில் மழை பெய்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

யோசித்துப் பார்த்தேன். கொடுத்த மாதிரிதான் ஞாபகம். டீச்சருக்கு அப்போது என்ன நெருக்கடியோ. பழசை மனதில் வைத்துக்கொள்ளாதே. வா. உன்னைப் பார்க்க எல்லோரும் ஆசையாக இருக்கிறார்கள். காலையில் ஜோசலின் காரோடு வந்து கீழே நிற்பாள். ரூக்சாரையும் துணைக்கு அழைத்து வா.

அன்புடன்,
ஞானஜோதி

*

பெரும்பாக்கம்
20 ஆகஸ்ட் 2024

ஜோதிக்கு,

இங்கே நலம். அன்றைக்கு நீ மிகவும் வாடிப்போயிருந்தாய். உடம்புக்கு என்ன?

நான் பேசியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கத்திவிட்டேனா? ரூக்சார் இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இன்னா அத்தே, அவ்ளோ வயசானவங்கள அத்தினி பேர் முன்னாடி அப்படிக் கேட்டுட்டீங்க" என்கிறாள்.

டீச்சருக்குச் சால்வை போட எல்லோரையும் வரிசையில் விட்டார்கள். என் முறை வந்தது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வாய் அசைந்தது. "அக்தர்தானே, நீ எங்கம்மா போய்ட்ட?" என்று கேட்டதாக ரூக்சார் பிறகுதான் சொன்னாள். அப்போது எனக்குக் கேட்கவில்லை. நான் மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "கடுதாசி கொடுத்தனுப்பினேன் டீச்சர். நீங்க வருவீங்கன்னு வாசலையே பார்த்துகினு இருந்தேன். ஏன் வரல? நான் துலுக்க வூட்டுப் பொண்ணுன்னா?" இவ்வளவுதான் சொன்னதாக நினைவு. வேறு ஏதும் சொன்னேனா?

டீச்சர் முகம் அப்படியே நின்றது. என் கையை விடவே இல்லை. நீ பக்கத்தில்தான் நின்றாய். என் இன்னொரு கையைப் பிடித்து இழுத்தாய்.

சாப்பிடாமல் வந்துவிட்டேன். நாற்பது வருடம் சுமந்ததை இறக்கினால் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அதன் பிறகு என்ன நடந்தது என்று எழுது.

அக்தர்

*

முடிச்சூர்
12 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்தருக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினாய். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நீ போன பிறகு ஜோசலின் எல்லோரையும் சாப்பிட அழைத்துப் போனாள். டீச்சரை நான்தான் ஆட்டோவில் இரும்புலியூரில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அழுதார்கள். வயதானவர்கள், எதற்கெடுத்தாலும் அழுகை வரும். நீ மனதைப் போட்டு குழப்பிக்கொள்ளாதே. இதைப் பற்றி இனி நாம் எழுத வேண்டாம்.

காது டாக்டரைப் பார்த்தாயா?

அன்புடன்,
ஞானஜோதி

*

பெரும்பாக்கம்
3 அக்டோபர் 2024

ஜோதிக்கு,

நலமே. முதாசிர்தான் பைக்கில் வழுக்கி விழுந்து முட்டியில் ஐந்து தையல். பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. இப்போது நடக்கிறான்.

டீச்சர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஜோசலினிடம் முகவரி கேட்டு வாங்கினார்களாம். எழுத்தெல்லாம் நடுங்கி நடுங்கி இருக்கிறது. நீயும் படிக்க வேண்டும், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"அக்தர் பேகம், உன் கடிதத்தைப் படித்தும் நான் வராமல் இருந்திருக்கிறேன். எப்படி அப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் அந்தக் கடிதம் என் நினைவுக்கு வரவில்லை. ஆனால் நீ பொய் சொல்லும் பிள்ளை இல்லை. நீ எந்த வீட்டுப் பெண் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதை மட்டும் நம்பு. உன் படிப்பை நான் கெடுத்துவிட்டேன். முடிந்தால் மன்னித்துவிடு. ஒரு வரி எழுது."

ஐந்தாறு தடவை படித்தேன். நினைவில்லையாம். நீயும் நினைவில்லை என்றாய். என் வாழ்க்கையே அந்த ஒரு தாளில் இருந்தது, யாருக்கும் அது நினைவில்லை.

நான் பதில் எழுதப்போவதில்லை. கொஞ்ச நாள் அவர்களும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

அக்தர்

*

முடிச்சூர்
14 நவம்பர் 2024

அக்தருக்கு,

தாயாரம்மாள் டீச்சர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இறந்துவிட்டார்கள். தூக்கத்திலேயே போய்விட்டதாக ஜெயவேலு சொன்னார். திங்கட்கிழமை எல்லாம் முடிந்தது. நம் வகுப்பிலிருந்து ஒன்பது பேர் போயிருந்தோம். உனக்குச் சொல்லியனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

ஞானஜோதி

*

பெரும்பாக்கம்
25 நவம்பர் 2024

ஜோதிக்கு,

நலமா என்று கேட்கிறேன், ஆனால் உன் பதிலைப் படிக்கிற மனநிலையில் நான் இல்லை.

ஒரு வரி கேட்டார்கள். ஒரே ஒரு வரி. 'பரவாயில்லை டீச்சர்' என்று எழுதிப் போட என்ன செலவு? ரூக்சார் தினமும் சொன்னாள், "எழுதிப் போடுங்க அத்தே, நான் போய்ப் பெட்டில போட்டுட்டு வரேன்" என்று. ரம்ஜானுக்கு எழுதலாம் என்று நினைத்திருந்தேன். நல்ல நாளில் மன்னித்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணக்கு. அதுவரை அவர்கள் இருப்பார்களா என்று நான் நினைக்கவே இல்லை.

அவர்கள் நாற்பது வருடத்துக்கு முன்னால் வராமல் இருந்தார்கள். நான் தெரிந்தே பதில் போடாமல் இருந்தேன். இரண்டில் எது பெரிய பாவம் என்று நீயே சொல். நீ ஆசிரியை. ஐந்து வேளை தொழுகையிலும் அவர்கள் முகம்தான் வருகிறது. சோறு இறங்கவில்லை. யாரிடம் போய் நான் மன்னிப்புக் கேட்பேன் ஜோதி?

அக்தர்

*

முடிச்சூர்
19 ஜனவரி 2025

அக்தர்,

உன் கடிதம் வந்து ஏழு வாரமாகிறது. கிறிஸ்துமஸுக்கு ஆலயத்துக்குப் போகவில்லை. நற்கருணை எடுக்கப் பயமாக இருந்தது. வருடப் பிறப்பன்று போவதற்கும் ஒரு வீடு இல்லை.

நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. டீச்சரும் கேட்டிருக்க வேண்டியதில்லை. உன் கடிதம் டீச்சர் கைக்குப் போகவே இல்லை. நான் கொடுக்கவில்லை.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஒருநாளும் மறந்ததில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், உன் வீட்டுச் சந்து முனையில், கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளை மூன்றாக மடித்துக் கொடுத்தாய். அன்றைக்கே பிரித்துப் படித்துவிட்டேன். வியாழக்கிழமை வகுப்பில் டீச்சர் கேட்டார்கள். "அக்தர் ஏன் வரல, யாருக்காவது தெரியுமா?" நான் எழுந்து நின்றேன். கடிதம் என் பையில் இருந்தது. "அவளுக்கு ஜுரம் டீச்சர்" என்றேன்.

ஏன் என்றால், ஆறாவதிலிருந்து நீ முதல், நான் இரண்டாவது. அப்பா மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் "அந்தப் பொண்ணு இந்தத் தடவையும் முந்திட்டாளா?" என்று மட்டும் கேட்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். இந்த ஒரு அரையாண்டுத் தேர்வு மட்டும் நீ இல்லாமல் இருக்கட்டும், அப்புறம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல்யாணம் என்றால் என்ன அர்த்தம் என்று பதினைந்து வயதில் எனக்குப் புரியவில்லை. இது சாக்கு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை உன் கல்யாணம் முடிந்த சேதி கேட்டதும் கழிவறைக்குப் பின்னால் போய்க் கிழித்துப் போட்டேன். அந்த அரையாண்டில் நான்தான் முதல். டீச்சர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று ஆட்டோவில் டீச்சர் என்னைக் கேட்டார்கள். "ஜோதி, நீ எப்பவும் அவகூடவே இருப்பியே. அவ எனக்குன்னு ஏதாவது எழுதிக் குடுத்தாளா?" நான் சொன்னேன், "குடுத்திருப்பா டீச்சர். உங்களுக்கு மறந்திருக்கும்." அதன் பிறகு வீடு வரும் வரை அழுதுகொண்டே வந்தார்கள்.

பதினைந்து வயதில் செய்ததை யாரிடமாவது சொல்லி அழலாம். ஐம்பத்தைந்து வயதில் செய்ததை எங்கே கொண்டு போவது? முதல் கடிதம் எழுதியபோது இதைச் சொல்லத்தான் உன்னைத் தேடினேன் என்று சொன்னால் நம்புவாயா? ஒவ்வொரு முறையும் அடுத்த கடிதத்தில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். ஜெயவேலுவிடம் போய்ச் சொல்லட்டுமா? உன்னிடம் வந்து காலில் விழட்டுமா? எதுவானாலும் செய்கிறேன்.

ஞானஜோதி

*

பெரும்பாக்கம்
23 மார்ச் 2025

ஞானஜோதிக்கு,

இது நோன்பு மாதம். கோபத்தோடு எழுதக் கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்தேன். கோபம் போகவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுவாரம் ரூக்சாரைக் கூட்டிக்கொண்டு இரும்புலியூர் போனேன். பெயரைச் சொன்னதும் ஜெயவேலு நான் யாரென்று தெரிந்துகொண்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. கேட்டருகிலேயே நின்று பேசினோம். அவர் சொன்னதை ரூக்சார் என் காதில் திருப்பிச் சொன்னாள். அந்தக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து டீச்சர் பரண் மேல் இருந்த டிரங்குப் பெட்டிகளை எல்லாம் இறக்கச் சொன்னார்களாம். பழைய வருகைப் பதிவேடு, விடைத்தாள், வாழ்த்து அட்டை, ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தார்களாம். "அந்தப் பொண்ணு கடுதாசிய எங்கயோ வெச்சுட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். கடைசி வாரத்தில் மருமகள் பெயர், பேரன் பெயர் சொல்லும்போதுகூட 'சரியா?' என்று கேட்டுக்கொண்டார்களாம். தன் நினைவின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது.

உண்மையைச் சொல்லத்தான் போனேன். சொல்லவில்லை. "நான் கடுதாசியே எழுதல சார். அன்னைக்கு ஏதோ கோவத்துல பொய் சொல்லிட்டேன். உங்க அம்மா எதையும் மறக்கல" என்றேன். ரூக்சார் என் கையைக் கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை.

அவர் திட்டவில்லை. "எங்கம்மா மூணு மாசம் தூங்கலம்மா. நீங்க போங்க" என்று கேட்டைச் சாத்திக்கொண்டார்.

உன்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னேன் என்று நினைக்காதே. உன் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் உன்னிடம் வந்து கேட்பார். நீ அழுவாய். அவர் அம்மாவைப் போல நல்லவர், கொஞ்ச நாளில் மன்னித்துவிடுவார். உன் கணக்கு அதோடு முடிந்துவிடும். அது உனக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைத்தேன். டீச்சருக்கு மறதி இல்லை என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும், அது போதும். அதற்கு ஒரு பொய்க்காரி வேண்டும். அது நானாக இருந்துவிட்டுப் போகிறேன். நீ இப்போது போய் வேறு மாதிரி சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். தோழியைக் காப்பாற்றுவதாக நினைத்து உனக்குக் காபி கொடுப்பார்.

பதினைந்து வயதில் நீ செய்ததை நான் மன்னித்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் முதல் மார்க் பிடிக்கும். ஆனால் மண்டபத்தில் நான் அந்தக் கிழவியைக் கேள்வி கேட்டபோது நீ என் கையைப் பிடித்திருந்தாய். உன் கை சில்லென்று இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாம் மூன்று பேரும் உயிரோடு ஒரே இடத்தில் இருந்தோம்.

காலில் விழ வராதே. இனி எழுதாதே. வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ரூக்சார் கேட்டாள், "இவ்ளோ நாளா லெட்டர் போட்டுகினு இருந்தாங்களே, அவங்க உங்களுக்கு இன்னா வேணும் அத்தே?" என்று. கூடப் படித்தவள் என்றேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அக்தர் பேகம்